பொம்மைப் படத்தில் சிரிப்பு: யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

ஒரு போலீஸ்காரர் தமிழ்நாட்டில் பிறந்தார். வடக்கே போனார். அங்கே சிறு பையனாக மாறினார். பிறகு பொம்மையாகி, தமிழ் பேசிக்கொண்டு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தார்!

இது விடுகதை அல்ல. நடந்த சங்கதி.

2010-ம் ஆண்டில் "சிங்கம்" படம் வந்தது. ஹரி டைரக்ட் செய்தார். துரைசிங்கம் என்ற போலீஸ் அதிகாரியாக சூர்யா நடித்தார். மறு வருஷமே அந்தக் கதை இந்திக்குப் போயிற்று. அங்கே அஜய் தேவ்கன் நடித்தார். துரைசிங்கம், பாஜிராவ் சிங்கம் ஆனார். 2018-ல் அந்த இந்திப் படத்தை வைத்து, "லிட்டில் சிங்கம்" என்ற பொம்மைப் படத் தொடர் டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. அதில் சிங்கம் ஒரு சிறுவன். ஆனாலும் போலீஸ்! அந்தத் தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுத்து இங்கேயும் காட்டினார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்து, மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே டி.வி. பார்க்கும் பையனுக்கு இந்தப் பூர்வ கதையெல்லாம் தெரியாது. அவனுக்கு லிட்டில் சிங்கம்தான் அசல். சூர்யா நடித்த படத்தைப் பிறகு பார்த்தால், "நம்ம சிங்கத்தைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டார்கள்" என்றுகூட அவன் சொல்லலாம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

தெரிந்தால்தான் சிரிப்பு

இப்போது வரும் பொம்மைப் படங்களில் பாதிச் சிரிப்பு இந்த ரகந்தான். ஒரு சினிமா வசனத்தை லேசாகத் தொட்டுக் காட்டுவார்கள். ஒரு நடிகரின் நடையைக் காட்டுவார்கள். ஒரு பாட்டின் மெட்டை இழுப்பார்கள். அசலை முன்பே பார்த்தவர் "குபீர்" என்று சிரிப்பார். பார்க்காதவர் விழிப்பார்.

இந்த வித்தையில் பெயர் போனது, "சிம்ப்சன்ஸ்" என்ற அமெரிக்கத் தொடர். 1989 டிசம்பரில் தொடங்கியது. 750-க்கும் மேற்பட்ட கதைகள் வந்துவிட்டன. ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள். எல்லோருக்கும் மஞ்சள் நிற உடம்பு. அந்தக் குடும்பத்துக்குள் அமெரிக்காவின் சினிமா, சங்கீதம், அரசியல் எல்லாம் வந்து போகும். உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவில் மூன்று பேர், ரிங்கோ ஸ்டார் 1991-லும், ஜார்ஜ் ஹாரிசன் 1993-லும், பால் மெக்கார்ட்னி 1995-லும், தங்கள் பொம்மைகளுக்குத் தாங்களே வந்து குரல் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் இப்படிப்பட்ட சிரிப்பு, கடல் தாண்டினால் வாடிப் போகிறது. அமெரிக்க மளிகைக் கடையைப் பற்றிய கேலி கீழ்பென்னாத்தூர்ச் சந்தையில் செல்லுமா?

செல்ல வைப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் தமிழில் வசனம் எழுதுகிறவர். பொம்மை வாயைத் திறக்கும்போது வசனம் தொடங்க வேண்டும். வாயை மூடும்போது முடிய வேண்டும். இரண்டு விநாடி இருந்தால் அந்த இரண்டு விநாடிக்குள் சிரிப்பு வர வேண்டும். அசலில் உள்ள கேலி இங்கே புரியாது என்றால், அதை எடுத்துவிட்டு நம் ஊர்ச் சரக்கைப் போட வேண்டும். லேசான வேலை அல்ல. அந்த எழுத்தாளரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. தொடங்கியது. அதில் வந்த "டோராவின் பயணங்கள்" வீட்டுக்கு வீடு ஓடியது. அமெரிக்காவில் டோரா என்ற சிறுமி ஆங்கிலம் பேசுகிறாள். நடுநடுவே ஸ்பானிஷ் வார்த்தைகளைக் கற்றுக்கொடுக்கிறாள். இங்கே வந்த டோரா தமிழ் பேசினாள். ஆங்கில வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய குரங்குத் தோழனுக்குப் "புஜ்ஜி" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜோடியாகச் சுற்றுகிறவர்களை "டோரா புஜ்ஜி" என்று இன்றைக்குப் பெரியவர்களே கேலி செய்கிறார்கள். பொம்மைப் படம் சினிமாவைத் தொட்டுச் சிரித்தது போய், ஊரே பொம்மைப் படத்தைத் தொட்டுச் சிரிக்கிறது!

கட்டியக்காரன் செய்த வேலை

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் முதலில் வருகிறவன் கட்டியக்காரன். துரியோதனன் சபையில் அவன் சேவகன். ஆனால் அவன் பேசுவது இன்றைக்கு உள்ள பேச்சு. பாண்டவர் கதைக்கு நடுவே ரேஷன் கடை வரும். பஸ் கட்டணம் வரும். நேற்று வந்த சினிமா வரும்.

கட்டியக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் எதைச் சொன்னால் சிரிப்பார்கள், எதைச் சொன்னால் கல் வரும் என்று பார்த்துப் பார்த்துப் பேசுவான். அடுத்த ஊரில் வேறு கேலி. டெலிவிஷனுக்கு அந்தக் கண் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அது பெரிய விஷயம். கட்டியக்காரன் சேவகன், அவன் கேலி செய்வது ராஜாவை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அதனால்தான் ஏழை ஜனங்கள் விழித்திருந்து கேட்டார்கள்.

தேங்காய் யார் தலையில்?

பொம்மைப் படத்தில் இந்தக் கணக்கு சில சமயம் தலைகீழாகிவிடுகிறது.

"மோட்டு பட்லு" என்ற இந்தித் தொடர் 2012-ல் வந்தது. "லோட்பாட்" என்ற இந்திச் சிறுவர் பத்திரிகையின் சித்திரக் கதையிலிருந்து பிறந்தது. சமோசாப் பிரியன் மோட்டு, ஒல்லி பட்லு, இவர்களோடு இன்ஸ்பெக்டர் சிங்கம் என்று ஒருவர். இவர் வேறு சிங்கம். காட்டுச் சிங்கமல்ல, மெல்லுகிற சூயிங்கம்! ரஜினிகாந்தைப் போல மிடுக்குக் காட்டுவார். தென்னாட்டுக்காரர் பேசும் இழுவையில் இந்தி பேசுவார். துப்பாக்கியை மேலே பார்த்துச் சுடுவார். தேங்காய் அவர் தலையிலேயே விழும்!

டில்லிப் பிள்ளை இதைப் பார்த்துச் சிரிக்கிறது. எதற்கு? தென்னாட்டான் இந்தி பேசும் விதத்துக்கு. அந்தத் தொடர் தமிழுக்கு வந்ததும் அந்த வேடிக்கைக்கு வேலை இல்லாமற் போகிறது. தமிழன் தமிழ் பேசுவதில் என்ன வேடிக்கை?

வடக்கத்தியாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. "இன்னா", "வந்துகினு" என்பது வட ஆர்க்காட்டு வீட்டுப் பேச்சு. கீழ்பென்னாத்தூரில் பிள்ளை தன் தாயிடம் பாசத்தோடு பேசும் பேச்சு அது. தமிழ்ச் சினிமாவிலோ, அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் ரவுடி, இல்லையென்றால் காமெடியன். சினிமாவைத் தொட்டுச் சிரிக்கும் பொம்மைப் படம், இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வர இடமுண்டு. எந்தப் பொம்மைக்கு எந்தப் பேச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் ஒரு நாள் கூட உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

மௌனமான மளிகைக்காரர்

இதில் விளையாட்டு வினையான கதையும் உண்டு. அது சிம்ப்சன்ஸ் தொடரிலேயே நடந்தது.

அதில் அப்பு என்று ஓர் இந்திய மளிகைக்காரர். சத்யஜித் ராய் எடுத்த "பதேர் பாஞ்சாலி" முதலான மூன்று படங்களின் நாயகன் பெயர் அப்பு. அந்த மரியாதையில் வைத்த பெயர் அது. பெயரில் மரியாதை, குரலில் கேலி! ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர், இந்தியர் ஆங்கிலம் பேசும் இழுவையை மிகைப்படுத்திப் பேசினார். அமெரிக்கா முழுவதும் சிரித்தது. அங்கே குடியேறிய இந்தியர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அதே குரலில் சீண்டினார்கள்.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் ஹரி கொண்டபோலு. அவரும் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர். 2017-ல் அப்புவைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுத்தார். விவாதம் பெரிதாயிற்று. 2020-ல் ஹாங்க் அசாரியா, இனி அந்தக் குரலைக் கொடுப்பதில்லை என்று விலகினார். மறு வருஷம் இந்தியர்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

அப்புவை அந்தத் தொடரிலிருந்து எடுத்துவிடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அவர் நிற்பதுண்டு. பேசுவதில்லை.