உழவர் விரலும் செயலியும்

தமிழ்நாடு அரசு 2018இல் வெளியிட்ட 'உழவன்' செயலி, மானியம், வானிலை, சந்தை விலை என இன்று 20க்கும் மேற்பட்ட சேவைகளைத் தருகிறது. சேவைகள் பெருகலாம், கைப்பேசித் திரை பெருகுவதில்லை.

சேலம் மாவட்டம் தலைவாசல் பகுதியில் தக்காளி பறிக்கும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உச்சி வெயிலில் திரை மங்கித் தெரிகிறது, விரலில் மண். பறித்த பழத்தை எந்தச் சந்தைக்கு ஏற்றுவது என்பதை அவர் உடனே முடிவு செய்தாக வேண்டும். அன்றைய விலையைக் காணப் பல பக்கங்களைக் கடக்க நேர்ந்தால், செயலியை மூடிவிட்டுத் தரகரை அழைப்பார். தரகர் கூறுவதே விலையாகிவிடும்.

எனவே, விலையும் மழைக்குறிப்பும் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் அமைதல் வேண்டும். எழுதப் பழகாதோர் குரலால் கேட்கவும் வழி வேண்டும். வடிவமைப்பாளர் வரப்பில் நின்று, உழவரின் விரல் எங்கே தயங்குகிறது எனக் கண்டு திருத்துதல் நன்று.