‘என் மெஷின்ல ஓடுதே!’ - இந்தப் பதிலுக்கு டீம்கள் எப்போது முடிவு கட்டும்?

புதிதாக வேலைக்குச் சேரும் டெவலப்பருக்குப் பல டீம்களில் முதல் சில நாள்கள் கோடிங்கில் போவதில்லை, இன்ஸ்டாலேஷனில் போய்விடுகிறது. ஜாவா ஒரு வெர்ஷன், நோட் ஜேஎஸ் இன்னொரு வெர்ஷன், டேட்டாபேஸுக்குத் தனி செட்டிங். எல்லாம் முடித்து புராஜெக்ட்டை ஓட்டினால் எரர். சீனியரிடம் கேட்டால், “என் மெஷின்ல ஓடுதே!” என்பார். காஞ்சிபுரம் மாதிரி ஊரில் படித்துவிட்டு வந்த ஃப்ரெஷர், தப்பு தன் மேல்தான் என்று நினைத்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். உண்மையில், டீம் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வேலைதான் கஸ்டம் வி.எம். இமேஜ் தயாரிப்பது.

வி.எம். இமேஜ் என்றால் என்ன?

விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். அதன் ஹார்டு டிஸ்க் முழுவதும் ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படும். அதுதான் இமேஜ். ஆபரேட்டிங் சிஸ்டம், டூல்ஸ், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் போட்டுத் தயார் செய்துவிட்டால், டீமில் யார் அதை விர்ச்சுவல்பாக்ஸில் திறந்தாலும் ஒரே சூழல் கிடைக்கும்.

இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக், டெபியன் லினக்ஸை எடுத்து இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து 2007-ல் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலும் பாஸ் இடம்பெற்றது. லட்சக்கணக்கான லேப்டாப்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்வது நடக்கிற காரியமா? பத்துப் பேர் இருக்கும் டீமுக்கும் இதே கணக்குதான்.

சேலை முக்கியமா, அட்டை முக்கியமா?

இமேஜ் வைத்திருக்கும் டீம்களும் ஓரிடத்தில் சறுக்குகின்றன. ஒரு சீனியர் கையாலேயே எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து, அந்த ஃபைலை டிரைவில் போட்டுவிடுவார். அவர் வேலை மாறிப் போனதும், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

காஞ்சிபுரத்தின் ஜக்கார்டு தறிகளில், டிசைனை முதலில் கிராஃப் தாளில் வரைந்து, அட்டைகளில் துளைகளாகக் குத்துகிறார்கள். எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் சொல்கின்றன. அட்டை பத்திரமாக இருந்தால் அதே டிசைனை மறுபடி நெய்யலாம். சேலை மட்டும் மிஞ்சினால், அதைப் பார்த்து மறுபடி வரைய வேண்டியதுதான்.

இமேஜ் என்பது சேலை. அதை உருவாக்கும் ஸ்கிரிப்ட்தான் அட்டை. டீம்கள் பாதுகாக்க வேண்டியது ஸ்கிரிப்ட்டை.

எப்படிச் செய்வது?

ஹாஷிகார்ப் நிறுவனம் 2013-ல் அறிமுகப்படுத்திய ‘பேக்கர்’ இதற்கான டூல்களில் ஒன்று. எந்த லினக்ஸ், எவ்வளவு டிஸ்க், என்னென்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினால் போதும். அதுவே வி.எம்.-ஐத் திறந்து, இன்ஸ்டால் செய்து, இமேஜாக மாற்றிக் கொடுக்கும். தமிழ்99 கீபோர்டு, யூனிகோட் ஃபான்ட், இந்திய நேரம் என நம் ஊருக்குத் தேவையானதையும் அதிலேயே சேர்க்கலாம். அந்த ஃபைலை கிட்-டில் வைத்தால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகிவிடும்.

கடைசிப் படி, சுத்தம் செய்வது. பாஸ்வேர்டு, ஏ.பி.ஐ. கீ, எஸ்.எஸ்.ஹெச். கீ எதுவும் இமேஜுக்குள் தங்கக் கூடாது. தங்கினால், அந்த ஃபைல் போகிற இடமெல்லாம் சாவியும் கூடவே போகும்.

ஒரு முறை செய்தால் போதுமா?

போதாது. உபுண்டு 20.04-க்கான வழக்கமான அப்டேட் 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதன் மேல் கட்டிய இமேஜ் இன்றும் ஓடும். ஆனால் பாதுகாப்பாக இருக்காது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, தங்கள் சிஸ்டங்களில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவதே நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலியானது. ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் வெர்ஷனை மாற்றி இமேஜை மறுபடி உருவாக்கலாம். மாதம் ஒரு முறை அப்படி உருவாக்குவதை வழக்கமாக்குவது நல்லது.

“அதான் டாக்கர் இருக்கே?” என்று கேட்கலாம். பல வெப் புராஜெக்ட்டுகளுக்கு அதுவே போதும், லேசானதும்கூட. ஆனால் கன்டெய்னர் தனக்கென்று தனி கெர்னல் வைத்துக்கொள்வதில்லை. கெர்னல் லெவல் வேலைக்கும், முழு டெஸ்க்டாப் சூழல் தேவைப்படும் பயிற்சிக்கும் வி.எம்.தான் சரி.

சிக்கல்களும் உண்டு. 8 ஜி.பி. ரேம் லேப்டாப்பில் பாதியை வி.எம்.-க்குக் கொடுத்தால் மீதி திணறும். இன்டெல் வகை புராசஸருக்குக் கட்டிய இமேஜ், ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் அப்படியே ஓடாது. பல ஜி.பி. ஃபைலை மொபைல் டேட்டாவில் டவுன்லோட் செய்யச் சொல்வதும் நியாயமில்லை. ஆபீஸிலோ காலேஜ் லேபிலோ பென் டிரைவில் கொடுத்து, ஃபைல் மாறவில்லை என்பதைச் சரிபார்க்க செக்சம் எண்ணையும் கூடவே கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் டீமில் ஒருவர் சில நாள்கள் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்காவிட்டால் அதே நாள்களை, புதிதாக வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாக இழப்பார்கள். அடுத்த ஃப்ரெஷர் சேர்வதற்கு முன் லீடுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.