கயிற்றை இழுப்பதற்கு முன்

விடிய இன்னும் ஒரு மணி நேரம். வலை எடுத்தாயிற்று, கரைக்குத் திரும்ப வேண்டும். கயிற்றை இழுத்தால் மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கிவிடுகிறது. அடுத்த இழுப்புக்கு அந்த உறுமலும் இல்லை. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்களில் இந்த நிமிஷத்தைப் பார்க்காதவர் குறைவு.

உடனே செய்யத் தோன்றுவது, இன்னும் பலமாக இழுப்பது. பழகியவர்கள் முதலில் நங்கூரத்தைப் போடுவார்கள். மோட்டாரோடு மல்லுக்கட்டும்போது படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் பாறை இருந்தால் அதுதான் அவசரம்.

பிறகு பார்ப்பதெல்லாம் அற்ப விஷயங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருக்கிறதா? வலை இழுக்கும் அவசரத்தில் கை பட்டாலே அது கழன்றுவிடும். பிறகு எத்தனை இழுத்தாலும் பிளக்கில் பொறி வராது. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பலரை ஏமாற்றுவது இதுதான். அதை மூடியபடி கிளம்பினாலும் மோட்டார் கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடும். டேங்குக்குள் காற்று போக வழியில்லாததால் பெட்ரோல் வரத்து குறைந்து, நடுக்கடலில் நிற்கும். குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்கினால் இறுக வேண்டும். தொளதொளவென்றே இருந்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது.

இதெல்லாம் சரியென்றால் பிளக்கைக் கழற்றலாம். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு வந்தால் சோக்கைப் போட்டுக்கொண்டே இழுத்ததன் பலன். துடைத்து மாட்டி, சில நிமிஷம் விட்டு, சோக் இல்லாமல் ஆக்ஸிலேட்டரைத் திருகி இழுக்க வேண்டும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே வரவில்லை. பெட்ரோல் சிந்திய இடத்தில் பிளக்கை உடம்பில் ஒட்டவைத்துப் பொறி பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. படகு பற்றிக்கொள்ள அது போதும்.

மழைக்காலத்தில் படகு வாரக்கணக்கில் மணலில் கிடந்தால் கதை வேறு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால், அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். பழைய பெட்ரோலோடு கிளம்புவதைவிட அதை வடித்துவிடுவது மலிவு.

கடலில் பிளக் மாற்ற முடியாமல் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இல்லாமல் போவது பிளக் அல்ல, அதைக் கழற்றும் ஸ்பேனர். இரண்டும் ஒரே டப்பாவில், துணியில் சுற்றியபடி இருக்கட்டும்.

கிளம்பும்போதே எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டால், சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டாலும் கரையிலிருக்கும் பெண்கள் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கு அழைத்து இடத்தைச் சொல்லலாம்.