கட்டடம் உங்களுடையது, மண் யாருடையது?

"விலை ரொம்ப சல்லிசு சார், யோசிக்காதீங்க!" என்று புரோக்கர் சொல்கிறாரா? அங்கேதான் யோசிக்க வேண்டும்!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை பிளாட் தேடி அலையும் குமாஸ்தாவும் கடைக்காரரும் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். அடிமனை யாருடையது என்று கேட்பவர் எத்தனை பேர்?

திருவொற்றியூர் போன்ற கோயில் ஊர்களில் கட்டடம் ஒருவருக்கு, மண் கோயிலுக்கு என்பது உண்டு. கோயில் மண்ணை விற்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது என்கிறது 1959-ம் ஆண்டுச் சட்டம்.

"ரொம்ப நாள் குடியிருந்தா மண்ணும் நமக்குத்தான்" என்பது பழைய கதை. 1921-ம் ஆண்டு குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. கோயில் நிலங்களுக்கு 1996-ம் ஆண்டு திருத்தம் அந்த வழியை அடைத்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது.

குத்தகை இன்னும் எத்தனை வருடம்? வாடகை பாக்கி உண்டா? எப்போது ஏறும்? கை மாற்ற அனுமதி உண்டா? மிச்ச வருடம் குறைவென்றால் பாங்கியும் கடன் தரத் தயங்கும்.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதியாத குத்தகை அதில் வராது! தாய்ப்பத்திரத்தைப் படியுங்கள்; கோயில் அலுவலகப் படியேறிக் கேளுங்கள்.

விற்பவர் மீதும் கடமை உண்டு. குத்தகை மண் என்றால் விளம்பரத்திலேயே சொல்லட்டும். மறைத்து வாங்கும் அட்வான்ஸ் வியாபாரம் அல்ல, மோசடி!