கண்ணாடிக்குள் ஒரு சினிமாக் கொட்டகை

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. கொட்டகையில் இருந்த சினிமா வீட்டுக் கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து உள்ளங்கைக்கு வந்தது. இப்பொழுதோ உள்ளங்கையையும் விட்டு மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது! ஆம் தோழியரே, படம் காட்டும் கண்ணாடி என்று ஒன்று வந்திருக்கிறது. பார்ப்பதற்கு வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. ஆனால் அணிந்தவரின் கண்முன் ஒரு பெரிய திரை விரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்கோ ஒன்றுமே தெரிவதில்லை.

இக்கண்ணாடி நம் வீடுகளுக்கு வரமா, சாபமா? வகுப்பில் இதைப் பற்றி வாதாடாத நாளில்லை. மதிய உணவு வேளையில் தொடங்கி, மணி அடித்த பின்னும் ஓயாத அந்த வாதத்தின் முடிவில் நாங்கள் கண்ட கருத்தை அன்னையர், பெற்றோர், தோழியர் முன் பணிவுடன் வைக்கிறோம்.

நாங்கள் அணிந்து பார்த்த கதை

எங்களுள் ஒருத்தியின் அண்ணன் சரக்குக் கப்பலில் பணிபுரிகிறார். ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு விடுமுறையில் வந்தபோது, சிங்கப்பூரில் வாங்கிய இந்தக் கண்ணாடியையும் கொண்டு வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் ஐவர் அவள் வீட்டில் கூடினோம். கன்டெய்னர் லாரிகள் இடைவிடாது ஓடும் ஜி.என்.டி. சாலைக்கு அருகில், புழலில் ஒரு சிறு தெருவில் அந்த வீடு உள்ளது. ஓர் அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான்.

கண்ணாடியின் காதுத் தண்டிலிருந்து ஒரு கம்பி அண்ணனின் கைப்பேசிக்குச் சென்றது. புருவத்துக்கு நேரே, சட்டத்தின் உள்பக்கம், விரல் நகத்தினும் பெரிதல்லாத இரு சிறு திரைகள் உள்ளன. அவற்றில் தோன்றும் படத்தை உள்ளிருக்கும் கண்ணாடித் துண்டுகள் பிரதிபலித்துக் கண்ணுக்கு அனுப்புகின்றன. நாம் பாடத்தில் படிக்கும் ஒளி எதிரொளிப்பு, ஒளி விலகல் ஆகிய இரண்டும்தாம் இந்த விந்தையைச் செய்கின்றன. சிறிய திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தும், சில மீட்டர் தொலைவில் பெரிய வெண்திரை நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஒலி காதருகே மெல்லக் கேட்கிறது.

முதலில் அணிந்தவள், "அடேயப்பா!" என்று கூவினாள். இரண்டாமவள் தலையைத் திருப்பத் திருப்பத் திரையும் கூடவே வருகிறதென்று சிரித்தாள். மூன்றாமவள் ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிபவள். அவளுக்குப் படம் மங்கலாகவே தெரிந்தது. அதற்கென்று தனியே லென்ஸ் செய்து பொருத்த வேண்டுமாம். நான்காமவளுக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. ஐந்தாமவள் மட்டும் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற நால்வரும் அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தோம். அவள் எதற்கோ சிரித்தாள். எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பொழுதுதான் எங்கள் மனத்தில் முதல் கேள்வி முளைத்தது.

அன்றும் ஒரு கண்ணாடி இருந்தது

"இது என்னம்மா பெரிய அதிசயம்? நாங்க அந்தக் காலத்திலேயே கண்ணாடி போட்டுப் படம் பார்த்தவங்கதான்" என்று கட்டிலில் இருந்த அவளுடைய ஆயா சொன்னார். அவர் சொன்னது உண்மையே. 1984ஆம் ஆண்டு நவோதயா அப்பச்சன் தயாரிப்பில், ஜிஜோ இயக்கத்தில் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதற்கு அடுத்த ஆண்டே விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' என்ற முப்பரிமாணப் படம் தமிழில் வந்தது. வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம் என்று பிரித்து அனுப்பும் கண்ணாடியைக் கொட்டகை வாசலில் கொடுத்து, படம் முடிந்ததும் திரும்ப வாங்கிக் கொள்வார்கள்.

ஒருவர் அணிந்ததை மற்றவர் அணிந்தால் கண்நோய் வரும் என்ற அச்சமும் அப்பொழுது பரவியது. 'மெட்ராஸ் ஐ' என்று நம் நகரத்தின் பெயரையே தாங்கி நிற்கும் நோயல்லவா அது! 1918ஆம் ஆண்டு இங்கு கண்டறியப்பட்டதால் வந்த பெயர் என்பார்கள். ஆகவே ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுகின்றன என்று, புகழ்பெற்ற நடிகர்களே படத்தின் தொடக்கத்தில் திரையில் தோன்றி மக்களுக்குத் தைரியம் சொன்னார்கள்.

ஆயாவுக்கு அந்த நாள் இன்றும் மறக்கவில்லை. எங்கள் தோழியின் தாய் அப்பொழுது சிறு பிள்ளை. அவரை மடியில் வைத்துக் கொண்டு ஆயா படம் பார்த்தாராம். திரையிலிருந்து ஏதோ ஒன்று முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தபோது குழந்தை கையை நீட்டிற்று. ஆயாவும் கையை நீட்டினார். வெட்கத்துடன் திரும்பிப் பார்த்தால், கொட்டகை முழுவதும் கையை நீட்டிக் கொண்டிருந்ததாம்!

இங்குதான் வேறுபாடு இருக்கிறது, தோழியரே. அன்று ஆளுக்கொரு கண்ணாடி இருந்தாலும் திரை ஒன்றே. சிரிப்பும் ஒன்றே. இன்று கண்ணாடிக்குள்ளேயே திரை இருக்கிறது. சிரிப்பவர் தனியே சிரிக்கிறார், அழுபவர் தனியே அழுகிறார்.

உலகம் ஒருமுறை சோதித்துப் பார்த்தது

ஒருவர் மட்டும் பார்க்கும் சினிமா புதியதன்று. சொல்லப்போனால், சினிமா பிறந்ததே அப்படித்தான். எடிசனின் கூடத்தில் உருவான கினெட்டோஸ்கோப் என்ற பெட்டி 1894ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. காசு கொடுத்துத் துளையில் கண்ணை வைத்தால் படம் ஓடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். அடுத்த ஆண்டே, 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையில் வீழ்த்தி, கூடியிருந்த மக்கள் அனைவரும் ஒன்றாகக் காணச் செய்தனர். வென்றது எது? பெட்டியா, திரையா? திரைதான் என்பதை உலகமே அறியும்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசு பெருமானின் வாழ்க்கைப் படமும் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான கொட்டகையையும் கட்டினார். ஒரே ஒரு கருவி. பார்த்தவரோ ஆயிரமாயிரம் பேர்! இன்றைய கண்ணாடியோ ஒரு கருவிக்கு ஒரே ஒருவர். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த முகக்கருவியின் விலை ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். அத்தனை பணம் கொடுத்து வாங்கினாலும் அதில் இருவர் சேர்ந்து பார்க்க இயலாது.

நன்மை இல்லையா?

இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் அது நேர்மையாகாது. தோழியின் அண்ணன் சொன்னார்: "கப்பலில் ஓர் அறையில் இருவர் படுக்கிறோம். நான் வேலை முடித்து வரும்போது மற்றவர் தூங்குவார். விளக்கைப் போடாமல், சத்தம் இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் பார்த்தால் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருக்கும்." நடுக்கடலில் இருக்கும் பிள்ளைக்கு இது வரமன்றி வேறென்ன? மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கும், தொலைவில் தனியே தங்கி வேலை செய்பவருக்கும் அப்படித்தான்.

இன்னொரு நியாயமும் உண்டு. எங்களுள் பலர் ஒற்றை அறை வீட்டில் பொதுத் தேர்வுக்குப் படிப்பவர்கள். தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வரும் அப்பா, உடல் அலுப்புத் தீரத் தொலைக்காட்சியில் படம் பார்ப்பார். அதே அறையின் மூலையில் நாங்கள் கணக்குப் போட வேண்டும். "அப்பாவுக்கு அந்தக் கண்ணாடி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று எங்களில் இருவர் மனமாரச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. ஆனால் விலையை விசாரித்தபோது அது ஓர் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம் என்று தெரிந்தது. மேலும் அவ்விருவருள் ஒருத்தியே சற்று யோசித்துவிட்டு, "சத்தம் எனக்குத் தொந்தரவுதான். ஆனால் அப்பா சிரிக்கும்போது நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். பகலெல்லாம் நாங்கள் பேசிக் கொள்வது அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஆயா கேட்ட கேள்வி

எங்கள் முடிவுக்குக் காரணமான நிகழ்ச்சியை இப்பொழுது கூறுகிறோம். ஆயாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மிகவும் மங்கிவிட்டது. அவருக்குப் படம் என்றால் உயிர். தொலைக்காட்சியில் படம் ஓடும்போது, "இப்போ இன்னா ஆச்சு? யாரு வந்தா?" என்று கேட்பார். வீட்டில் யாராவது ஒருவர், "வில்லன் வந்துட்டான் ஆயா, கதவுக்குப் பின்னாடி நிக்கறான்" என்று சொல்வார்கள். இப்படித்தான் அவர் படம் பார்க்கிறார். பேரப்பிள்ளைகளின் கண்களே அவருக்குக் கண்கள்.

அன்று நாங்கள் புறப்படும் நேரம். அண்ணன் கண்ணாடியை அணிந்து படம் பார்த்துக் கொண்டிருந்தார். ஆயா வழக்கம்போல், "இப்போ இன்னாடா நடக்குது?" என்று கேட்டார். பதில் இல்லை. மீண்டும் கேட்டார். பேரன் இரண்டு முழ தூரத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் காதில் விழவில்லை. ஆயா மூன்றாவது முறை கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

தங்கை போய் அண்ணனின் தோளைத் தொட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, நடந்ததை அறிந்து முகம் வாடினார். நல்ல பிள்ளை அவர். ஆயாவின் மேல் உயிரையே வைத்திருப்பவர். கண்ணாடியை ஆயாவுக்கு மாட்டி, "இப்போ தெரியுதா ஆயா?" என்றார். ஆயா தடவிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம்தான்டா தெரியுது. நீ வாயால சொல்லு, அது போதும்" என்றார். அண்ணன் கைப்பேசியிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு, படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

எங்கள் கருத்து

ஏற்கெனவே தனியாக இருப்பவருக்கு இக்கண்ணாடி துணை. ஆனால் துணையோடு இருப்பவரை அது தனியாக்கிவிடும். இதுவே எங்கள் கருத்து. குற்றம் கண்ணாடியில் இல்லை. எங்கே அணிகிறோம் என்பதில் இருக்கிறது.

நாங்கள் வெறும் கற்பனையில் அஞ்சவில்லை. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றின்போது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களை மறக்கவில்லை. தண்டையார்பேட்டையில் 1967 முதல் வடசென்னை மக்கள் கூடிப் படம் பார்த்த அகஸ்தியா திரையரங்கு மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஊர் கூடி உட்கார்ந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. வீட்டுக் கூடமாவது மிஞ்ச வேண்டாமா?

ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது: இக்கண்ணாடி வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் அதில் என்ன பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், பக்கத்தில் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். கண் மருத்துவரிடம் கேட்காமல் சிறு பிள்ளைகளுக்கு மாட்டிவிடாதீர்கள். தேர்வுக் காலத்தில் தொலைக்காட்சிக்கு ஒரு நேரம் வகுத்துக் கொள்வோம், அதற்குச் செலவில்லை. தோழியரே, நமக்கு நாமே சொல்லிக் கொள்வது இது: சாலையில் நடக்கும்போது அதை அணியவே கூடாது. நம் புழல் சாலையில் லாரிகள் நமக்காக நிற்பதில்லை. வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது அது பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். படம் பார்ப்பது தேர் இழுப்பது போலக் கடினமானதன்று. ஆனால், "இப்போ இன்னா ஆச்சு?" என்று கேட்கும் ஒருவர் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். அவருக்குக் கதை சொல்ல நம் காதும் வாயும் திறந்திருக்கட்டும்.

அந்த அண்ணன் சென்ற மாதம் மீண்டும் கப்பலேறிவிட்டார். கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துச் சென்றிருக்கிறார். அங்கே அது அவருக்குத் துணையாயிருக்கட்டும். இங்கே ஆயாவுக்குக் கதை சொல்லும் முறை இப்பொழுது அவருடைய தங்கைக்கு வந்திருக்கிறது.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி