வீட்டு வாசலில் ஒரு கடை

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு முதல்முறையாக வருகிற விருந்தாளிகள் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். "அடேயப்பா, என்ன அகலமான ரோடு, எவ்வளவு மரம்!" வாஸ்தவம்தான். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு, காகிதத்தில் கோடு போட்டு எழுப்பிய ஊர் இது. வட்டம் வட்டமாக வீடுகள். கடைகளுக்கு என்று மெயின் பஜார், சூப்பர் பஜார். சுரங்கமும் அனல் மின் நிலையமும் தள்ளி ஒரு பக்கம். புகையும் தூசியும் சத்தமும் குழந்தைகள் தூங்குகிற இடத்துக்கு வரக்கூடாது என்று பிரித்தது நல்ல யோசனை.

ஆனால் அடுப்பில் ரசம் கொதிக்கும்போது பெருங்காய டப்பா காலியாக இருந்தால் தெரியும் சேதி! இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போன நேரத்தில் பஜார் வரை யார் போவது?

டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கதையே வேறு. ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே! பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்தைப் போட்டு மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள், முன்னறையை ஷட்டர் வைத்துக் கடையாக விட்டுவிடுகிறார்கள். ஒரு வாசலில் தையல் மெஷின், அடுத்ததில் இட்லி மாவு, எதிரே மருந்துக் கடை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே நாலு ரவிக்கை தைத்து முடிக்கலாம். "அக்கா, ஒரு கிலோ மாவு குடுங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து நிற்பாள். வெளியே போய்ச் சம்பாதிக்க முடியாத பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வீடும் கடையும் கலந்த தெருவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நகரமைப்புப் பட்டம் எதுவும் வாங்காதவர். நியூயார்க்கில் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டே 1961-இல் ஒரு புத்தகம் எழுதிப் பெரிய நிபுணர்களையெல்லாம் திகைக்க வைத்தார். தெருவில் கடை திறந்திருந்தால் அங்கே எப்போதும் நாலு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவே பாதுகாப்பு என்றார். டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் மகளுக்காக வாசலில் காத்து நிற்கிற நமக்கு இதை விளக்க வேண்டுமா!

சரி, பக்கத்து மனையில் தையல் கடைக்குப் பதிலாக வெல்டிங் பட்டறை வந்தால்? கல்யாண மண்டபம் வந்தால்? கைக்குழந்தை தூங்குமா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை படிக்குமா? திட்டம் என்ற ஒன்று தேவைப்படுவது இங்கேதான். சென்னைக்கு 1975-இல் வந்த முதல் மாஸ்டர் பிளானிலேயே கலப்புக் குடியிருப்புப் பகுதி என்று தனியாக வகுத்தார்கள். 2008-இல் வந்த இரண்டாவது பிளானிலும் அது உண்டு. எந்தப் பகுதியில் என்ன தொழில் நடத்தலாம், கடை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், மோட்டார் எத்தனை குதிரைத் திறன் வரை என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. மாவு மில் வைக்க நினைக்கிற சகோதரிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனவே மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், நம் மனை எந்த வகைப் பகுதியில் வருகிறது என்று நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஊருக்குத் திட்டம் இருக்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள். சுற்றியுள்ள மனைகளைப் பற்றியும் விசாரியுங்கள். "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்காதீர்கள். பட்டறைச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்கப்போவது நீங்கள்தானே!

புதிதாக மாஸ்டர் பிளான் போடும்போது, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டாக வேண்டும். அதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் உண்டு. அங்கன்வாடி எங்கே, காய்கறிக் கடைக்கு இடம் எங்கே என்று நாலு தெருப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

ஏற்கனவே முன்னறையில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மின் இணைப்பிலேயே கடையை ஓட்டாதீர்கள். கடைக்கு வணிகக் கட்டணத்தில் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.