மனவுறுதி மட்டும் போதுமா?

எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் ஒரு தன்முனைப்பு முகாம், எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு முன் ஒன்று, பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததும் இன்னொன்று என நம்மில் பலர் முகாம்களிலேயே வளர்ந்தவர்கள். மேடையில் பேசுபவர் விளையாட்டு வீரர் ஒருவரின் கதையைச் சொல்வார். விழுந்தார், எழுந்தார், வென்றார். நீயும் நினைத்தால் வெல்லலாம் என்று முடிப்பார். நாமும் கைதட்டிவிட்டு வருவோம். விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையில் நடந்தவற்றை யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை.

அத்தகைய மேடைகளுக்கு மிகப் பொருத்தமான கதை, டென்மார்க் நாட்டு மிதிவண்டியோட்ட வீரர் யோனாஸ் விங்கெகோருடையது. ஹான்ஸ்தோல்ம் என்னும் துறைமுக ஊரில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர் அவர். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். நம் நாட்டின் லங்காவி போட்டியைப் போலவே அதுவும் பல கட்டங்களாக நடப்பது. ஆனால் 21 கட்டங்கள், மூன்று வாரங்கள். 2024ஆம் ஆண்டில் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர்.

2024ஆம் ஆண்டும் அவருக்கு நன்றாகவே தொடங்கியது. மார்ச் மாதம் இத்தாலியில் நடந்த திரேனோ-அத்ரியாத்திகோ போட்டியை வென்றார். ஆனால் ஏப்ரல் 4ஆம் நாள், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த போட்டியில், ஓர் இறக்கத்தில் பல வீரர்கள் ஒன்றாகச் சரிந்து விழுந்தனர். விங்கெகோருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகள் பலவும் முறிந்தன. நுரையீரல் ஒன்று சுருங்கியது. பன்னிரண்டு நாள்கள் மருத்துவமனையில் கிடந்தார். இறந்துவிடுவோம் என்றே அப்போது எண்ணியதாகப் பின்னாளில் சொன்னார்.

டூர் தொடங்கும் நாள் ஜூன் 29. விபத்துக்கும் அதற்கும் இடைவெளி 86 நாள்கள். வழக்கமாக அவர் ஜூன் மாதத்தில் தோஃபினே போட்டியில் ஓடித் தம் நிலையைச் சோதித்துக்கொள்வார். 2023இல் அதை வென்றுவிட்டுத்தான் டூருக்கு வந்தார். 2024இல் அது இயலவில்லை. ஆல்ப்ஸ் மலையிலுள்ள தீனில் உயரப் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு, விபத்துக்குப் பின் ஒரு போட்டியில்கூட ஓடாமல், நேரே டூர் தொடங்கிய பிளாரன்ஸ் நகரில் வந்து நின்றார்.

ஜூலை 10ஆம் நாள், பதினோராம் கட்டம். மலையேற்றத்தில் ஸ்லொவேனிய வீரர் டாடெய் பொகாச்சர் அவரை விட்டுவிட்டு முன்னேறினார். விங்கெகோர் விரட்டிப் பிடித்து, லெ லியோரான் எல்லைக்கோட்டில் அவரை முந்தி வென்றார். பேட்டியில் பேச முடியாமல் அழுதார். முகாம் மேடைக்கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் போட்டி முடியவில்லையே!

பதினைந்தாம் கட்டத்தின் முடிவில், அதாவது இரண்டாம் வார இறுதியில், அவர் பொகாச்சரைவிட 3 நிமிடம் 9 நொடி பின்தங்கியிருந்தார். நீஸ் நகரில் போட்டி முடிந்தபோது வேறுபாடு 6 நிமிடம் 17 நொடி. பதினைந்து கட்டங்களில் இழந்த அளவு நேரத்தை எஞ்சிய ஆறு கட்டங்களிலேயே இழந்துவிட்டார். இரண்டாம் இடமே கிடைத்தது.

அந்த மூன்றாவது வாரத்தில் அவருடைய மனவுறுதி குறைந்துவிட்டதா? சாவின் வாயிலிலிருந்து திரும்பியவரைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் நா எழாது. மனவுறுதி இருந்தது, இல்லாமற்போனது பயிற்சிக் காலம். நெடுந்தொலைவு ஓட்டத்திற்கான இதய வலிமையும் தசை வலிமையும் ஆண்டுக்கணக்கில் கட்டப்படுபவை. அந்த அடித்தளம் இருந்ததால்தான் 86 நாள்களில் அவரால் திரும்பி வர முடிந்தது. ஆனால் நாள்தோறும் களைத்து, மறுநாளே மீண்டு, மீண்டும் மலையேறும் ஆற்றல் இடைவிடாத பயிற்சியால் வருவது. உடல் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது.

பொகாச்சர் அந்த ஆண்டு எவராலும் வெல்ல முடியாதவராக இருந்தார் என்று நண்பர்கள் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. அவர் மே மாதத்தில் இத்தாலியின் ஜீரோ போட்டியையும் வென்றுவிட்டு வந்தவர். 2025ஆம் ஆண்டு டூரிலும் விங்கெகோர் 4 நிமிடம் 24 நொடி வேறுபாட்டில் அவரிடம் தோற்றார். அப்படியானால் முழுத் தயார்நிலையும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. நினைத்தால் வெல்லலாம் என்ற வாக்கு இதனால் இன்னும் பலவீனமாகிறது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம் தமிழ் மாணவர்களில் இரவு வேலை பார்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தாய் தந்தையர் நோயுற்றதால் பாதிப் பருவத்தை மருத்துவமனையில் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேர்வில் சறுக்கினால், "மனசு வைத்திருந்தால் முடிந்திருக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் அதை நம்பித் தங்களையே நொந்துகொள்கிறார்கள். இழந்த வாரங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. படிப்பை ஒரு பருவம் ஒத்திவைப்பதைக்கூடத் தோல்வியாகக் கருதுகிறோம். அப்படிச் செய்யலாம் என்று முகாமில் ஒருவராவது நமக்குச் சொன்னதுண்டா?

மனவுறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் லெ லியோரான் வெற்றி கிடைத்திருக்காது. ஆனால் இழந்த பயிற்சிக்கு அது ஈடாகாது. ஆகவே நம் சங்கம் அடுத்த முறை முகாம் நடத்தும்போது, உரைகளில் ஒன்றைக் குறைத்து அந்த நேரத்தை வேறு பணிக்கு ஒதுக்கலாம். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே படிப்பைத் திட்டமிடக் கற்றுத்தரலாம். வாரங்களை இழந்தவர்களோடு மூத்த மாணவர்கள் அமர்ந்து, இருக்கும் நாள்களில் எதை முடிக்கலாம், எதை ஒத்திவைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்காட்டலாம்.

விங்கெகோர் 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்தா போட்டியை வென்றார். 2024இல் அவர் பெற்ற இரண்டாம் இடத்தை விழுந்து எழுந்தவனின் குறைபட்ட வெற்றியாகப் பார்ப்பது தவறு. 86 நாள்களில் ஒரு மனிதனால் எட்டக்கூடிய உயரம் அது. அப்படி ஓர் இரண்டாம் இடத்தோடு வரும் நம் நண்பர்களையும் தலைநிமிர்ந்து நிற்க விடுவோம்.